குடியுரிமை மாறினால் பொறுப்பும் மாறுமா?

இசார்க்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் அரூர்ப் பக்கம். 11 ஆண்டுகளாகக் குடும்பத்தோடு மியூனிக் நகரில் வசிக்கிறேன். ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதென்று முடிவு செய்து, வேண்டிய தாள்களைச் சேர்த்து, 33 கேள்விகள் கொண்ட தேர்வையும் எழுதித் தேறிவிட்டேன். 17 விடைகள் சரியாக இருந்தாலே போதும் என்பதால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. என்னைத் தயங்க வைத்திருப்பது ஒரே ஒரு தாள்தான்.

2024 ஜூன் 27 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, குடியுரிமை கேட்பவர் ஓர் உறுதிமொழி தர வேண்டும். நாஜி ஆட்சியின் அநீதியாலும் அதன் விளைவுகளாலும் ஜெர்மனிக்கு ஏற்பட்டிருக்கும் சிறப்பான வரலாற்றுப் பொறுப்பை, குறிப்பாக யூதர்களின் வாழ்வைப் பாதுகாக்கும் பொறுப்பை, தானும் ஏற்றுக்கொள்வதாக அவர் சொல்லியாக வேண்டும். முதலில் இதை மற்றப் படிவங்களைப் போலவே எண்ணிக் கையெழுத்திடப் போனேன். அந்த வாரம்தான் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளைப் பள்ளியில் டாஹாவ் வதைமுகாம் நினைவிடத்துக்கு அழைத்துச் சென்றிருந்தார்கள். அவள் நீச்சல் வகுப்புக்குப் போகும் அதே எஸ்-2 ரயில்தான் டாஹாவுக்கும் போகிறது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து இரண்டு மாதங்கள்கூட ஆகாத நிலையில், 1933 மார்ச் 22 அன்று திறக்கப்பட்ட முகாம் அது. 5,000 பேரை அடைக்கக்கூடிய முகாம் ஒன்று திறக்கப்படுகிறது என்ற அறிவிப்பு அதற்கு முந்தைய நாளே மியூனிக் நாளிதழில் வெளிவந்தது. அடுத்த 12 ஆண்டுகளில் 2,00,000-க்கும் மேற்பட்டோர் அங்கே அடைக்கப்பட்டார்கள். குறைந்தது 41,500 பேர் இறந்தார்கள்.

மகள் அன்று இரவு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்பா, நீங்கள் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் இது நம்முடையதும் ஆகிவிடுமா?" என்று கேட்டாள். அந்த ஆண்டுகளில் என் தாத்தா அரூரில் கேழ்வரகுக்கு ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதைத்தான் அவளுக்குப் பதிலாகச் சொன்னேன். அது பதில் அல்ல என்று எனக்கே தெரிகிறது. பேரன் மட்டும் அல்ல, பேரனாக வந்து சேர்ந்தவனும் பாட்டனாரின் குற்றத்துக்குப் பொறுப்பாளி ஆவானா? ஆவான் என்றால், இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்கும் நாளில் இந்தியா செய்த அநீதிகள் என் கணக்கிலிருந்து கழிந்துவிடுமா? சட்ட நுணுக்கத்தை நான் கேட்கவில்லை. நேர்மையாக எப்படிக் கையெழுத்திடுவது என்பதுதான் என் கேள்வி.

திண்ணை வாத்தியார் எழுதியது:

தம்பி, உங்கள் மகள் கேட்ட கேள்வியை ஜெர்மானியர்கள் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்ட காலம் ஒன்று உண்டு. போர் முடிந்த 1945-46 குளிர்காலத்தில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில், பசியும் தோல்வியுமாக உட்கார்ந்திருந்த மாணவர்களுக்கு முன்னால் கார்ல் யாஸ்பர்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர் இதைப் பற்றியே தொடர்ந்து பேசினார். மனைவி யூதர் என்பதால் 1937-இல் நாஜிகளால் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் அவர். "நாங்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை" என்று சொல்ல ஜெர்மனியில் எவருக்காவது உரிமை இருந்தது என்றால் அவருக்கு இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

குற்றம் என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன என்றும், அவற்றைப் பிரிக்காமல் பேசுவதால்தான் ஒரு பக்கம் எல்லோரும் குற்றவாளிகள் என்றும் மறுபக்கம் யாருமே குற்றவாளி இல்லை என்றும் கூச்சல் எழுகிறது என்றும் அவர் விளக்கினார். சட்டத்தை மீறிய செயல் குற்றம். அது செய்தவனை மட்டுமே சேரும், அதை விசாரிக்க நீதிமன்றம் இருக்கிறது. அரசியல் பொறுப்பு என்பது வேறு. ஒரு நாடு எப்படி ஆளப்படுகிறதோ அதற்கு அதன் குடிமக்கள் அனைவரும், எதிர்த்து வாக்களித்தவர் உட்பட, பதில் சொல்லியாக வேண்டும், விளைவுகளைச் சுமந்தாக வேண்டும். ஒழுக்கம் சார்ந்த பிழை, அதாவது பயத்தாலோ வசதிக்காகவோ கண்ணை மூடிக்கொண்டது, அவரவர் மனச்சாட்சி மட்டுமே விசாரிக்கக்கூடியது. அடுத்தவன் கைநீட்டிச் சொல்ல முடியாது. நான்காவது, சக மனிதர்கள் கொல்லப்பட்டபோது நாம் உயிரோடு இருந்துவிட்டோமே என்ற உறுத்தல். அதற்கு நீதிபதி கடவுள் என்றார். (நான்காவது எனக்கு இன்றுவரை முழுதாக விளங்கியதில்லை. வகுப்பில் நடத்தும்போது வேகமாகக் கடந்துவிடுவேன்.)

உங்கள் தாளில் இருக்கும் சொல்லைப் பாருங்கள். நீங்களே எழுதியிருப்பதுபோல அதில் 'பொறுப்பு' என்றுதான் இருக்கிறது, 'குற்றம்' என்று இல்லை. இரண்டாவது வகையைத்தான் உங்களிடம் கேட்கிறார்கள். முதல் வகையை யாரும் உங்களுக்குக் கொடுக்க முடியாது, நீங்கள் விரும்பினாலும் வாங்க முடியாது.

வில்லி பிராண்ட் நாஜிகளிடமிருந்து தப்பி 1933-இலேயே நார்வேக்கு ஓடியவர். 1938-இல் அவருடைய ஜெர்மன் குடியுரிமையையே பறித்தார்கள். அதே மனிதர் மேற்கு ஜெர்மனியின் பிரதமராகி, 1970 டிசம்பர் 7 அன்று வார்சா நகரின் யூதக் குடியிருப்பு நினைவுச் சின்னத்தின் முன் ஈரத் தரையில் மண்டியிட்டார். மண்டியிட வேண்டியவர்கள் பலர் ஊரில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மண்டியிட அவசியமில்லாதவர் மண்டியிட்டார். அப்போது நடந்த கருத்துக்கணிப்பில் அது மிகையான செயல் என்று 48 விழுக்காட்டினரும், பொருத்தமானது என்று 41 விழுக்காட்டினரும் சொன்னார்கள். அந்த நாடு ஏதோ ஒரே மனதாகத் திருந்திவிட்டது என்று நாம் இங்கிருந்து கற்பனை செய்துகொள்வதற்கு மாற்றாக அந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, ஒரு தகவல் இருக்கிறது. யாஸ்பர்ஸ் 1948-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குக் குடிபெயர்ந்து, 1967-இல் சுவிஸ் குடிமகனாகவே ஆகிவிட்டார். அதற்குப் பிறகு அவர் ஜெர்மனியைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டார் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

உசிலைக்காரன் எழுதியது:

வாத்தியார் ஐயா மீது மரியாதை உண்டு. ஆனால் இந்த 'அரசியல் பொறுப்பு' என்ற சொல்லை இவ்வளவு எளிதாகப் பரிமாறக் கூடாது என்பது என் கருத்து. ஒருவன் செய்ததற்கு அவன் கூட்டத்தையே பொறுப்பாக்கும் எண்ணம் நல்லவர்கள் கையில் மட்டும் இருக்கும் கருவி அல்ல.

1938 நவம்பரில் பாரிஸில் ஒரு ஜெர்மன் தூதரக அதிகாரியை 17 வயது யூதச் சிறுவன் ஒருவன் சுட்டான். அதைச் சாக்காக வைத்து ஜெர்மனி முழுவதும் யூத வழிபாட்டு இடங்களை எரித்து, கடைகளை நொறுக்கிவிட்டு, அதற்குப் பிறகு 'பரிகாரம்' என்று பெயரிட்டு ஒட்டுமொத்த ஜெர்மன் யூதர்களிடமிருந்தும் 100 கோடி மார்க் தண்டம் வசூலித்தார்கள். கூட்டுப் பொறுப்பு என்ற தத்துவத்தை நாஜிகளைவிட முழுமையாக நடைமுறைப்படுத்தியவர்கள் யார்?

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1911 திருத்தத்துக்குப் பிறகு சில சாதியினரைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது எங்கள் ஊர்களில் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர். என் தாத்தா திருடியதில்லை. அவரைத் திருடன் என்று எந்த நீதிமன்றமும் சொன்னதில்லை. ஆனாலும் பொழுது சாய்ந்ததும் காவல் நிலையத்துக்குப் போய்க் கட்டைவிரல் ரேகை வைத்துவிட்டு அங்கேயே படுத்திருக்க வேண்டும். திருமணமான முதல் வாரத்திலும் அப்படித்தான் என்று பாட்டி சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம். பிறப்பால் ஒருவன் தலையில் பழியை ஏற்றுவது எப்படி இருக்கும் என்பதை அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு யாரும் தத்துவமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அரசன் தவறியதற்கு மதுரையை எரித்த கண்ணகிகூட, முதியவர்களையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுத் தீயவர்கள் பக்கம் போ என்றுதான் நெருப்புக்குச் சொன்னாள். 1945-க்குப் பிறகு பிறந்த ஜெர்மானியன் அந்தக் குழந்தைகளைச் சேர்ந்தவன். அரூரிலிருந்து போனவர் அந்தப் பட்டியலிலேயே இல்லாதவர். அவரிடம் உறுதிமொழி கேட்பது வேலைக்கு வந்த வீட்டில் பழைய திருட்டுக்கும் சேர்த்துக் கணக்கு கேட்பதுபோல இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள், குடியுரிமை வாங்குங்கள், மனதை வருத்திக்கொள்ளாதீர்கள்.

கறுப்பு அங்கி எழுதியது:

உசிலைக்காரர் சொன்னதில் ரேகைச் சட்டப் பகுதிக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அவர் எதிர்ப்பது பழியை. கேள்வி கேட்டவர் கையெழுத்திடப்போவது கடனுக்கு. பழி என்பதும் கடன் என்பதும் ஒன்றல்ல என்று சொல்வதற்கே இதை எழுதுகிறேன். நான் 30 ஆண்டுகளாக உரிமையியல் வழக்குகள் நடத்துகிறேன், அதனால் எடுத்துக்காட்டும் அங்கிருந்தே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய இந்துச் சட்டத்தில் தந்தையின் கடனை மகன் அடைத்தாக வேண்டும் என்ற புனிதக் கடமை ஒன்று இருந்தது. சூதுக்கும் குடிக்கும் வாங்கியது போன்ற கடன்கள் அதில் சேராது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கடமையை நீக்கிவிட்டது. மகன் என்பதற்காக மட்டுமே இன்று எவன் மீதும் தந்தையின் கடனுக்கு வழக்குப் போட முடியாது. ஆனால் தந்தையின் சொத்து அவன் கைக்கு வந்திருந்தால், வந்த சொத்தின் அளவுக்குக் கடன்காரர் கேட்கலாம். நிலத்தை எடுத்துக்கொண்டு, 'கடன் வாங்கும்போது நான் பிறக்கவே இல்லை' என்று சொல்லும் வாரிசை எந்த நீதிபதியும் மதிப்பதில்லை. பிறக்கவில்லை என்பது உண்மைதான், ஆனால் அங்கே அது கேள்வியே அல்ல.

நாடு என்பது ஆட்கள் மாறினாலும் தொடர்ந்து இருக்கும் ஒரு சட்டப்படியான ஆள். அது 1952-இல் லக்சம்பர்க் நகரில் ஒப்பந்தம் போட்டு இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க் மதிப்புக்கு இழப்பீடு தர ஒப்புக்கொண்டபோது, அந்தப் பணத்தைக் கட்டியவர்களில் போர்க்காலத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்களும் உண்டு. அவர்கள் மீது பழி இல்லை. அவர்கள் நடந்த சாலையும் படித்த பள்ளியும் வேலை செய்த தொழிற்சாலையும் அந்த நாட்டின் சொத்து, சொத்தோடு கடனும் வந்தது. மியூனிக் நண்பரும் அந்த மருத்துவமனையையும் ஓய்வூதியத்தையும் மகளின் இலவசப் பள்ளியையும் பெற்றுக்கொள்கிறார். வாசலில் நிற்கும்போதே வீட்டின் மீது இருக்கும் அடமானத்தை எடுத்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கும் நாட்டை நான் குறை சொல்லமாட்டேன். நம் வில்லங்கச் சான்றிதழில் இவ்வளவு தெளிவு இருப்பதில்லை.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நண்பர் அரூர்ப் பக்கம் என்று எழுதியிருக்கிறார். இந்தியா செய்த அநீதிகள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஓர் ஊரின் பெயரை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறார். சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தி அரூரிலிருந்து எவ்வளவு தூரம் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

1992 ஜூன் 20 அன்று, பதுக்கிய சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர், ஆக 269 அரசு ஊழியர்கள் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். ஊரையே ஆலமரத்தடியில் கூட்டி அடித்தார்கள், 18 பெண்களை வன்புணர்ந்தார்கள், வீடுகளை இடித்தார்கள், கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியாதபடி கெடுத்தார்கள், பெண்களையும் குழந்தைகளையும் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அரசு மறுத்தது. மலைவாழ் மக்கள் சங்கத்தினர் விடாமல் போராடி, உயர் நீதிமன்ற உத்தரவால் சி.பி.ஐ. விசாரணை வந்து, தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தபோது குற்றம் சாட்டப்பட்டவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. ஒருவர்கூட விடுதலை ஆகவில்லை.

சரியாக 12 ஆண்டுகள் கழித்து, 2023-இல் அதே செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றும், அதில் பாதியை வன்புணர்வுக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. எனக்கு அந்தப் பாதிக் கணக்கு மிகவும் பிடித்திருந்தது. குற்றவாளியின் பாதி குற்றத்துக்கு. அரசின் பாதி, அதாவது கோயம்புத்தூரில் சோப்பு வாங்கியவரும் நாகர்கோவிலில் பெட்ரோல் போட்டவரும் கட்டிய வரியிலிருந்து போகும் பாதி, பொறுப்புக்கு. வாத்தியார் ஐயா நான்காகப் பிரித்ததில் முதல் இரண்டும் அந்த ஆணையில் ஐந்து ஐந்து லட்சமாக நிற்கின்றன.

பணம் சிறிய விஷயம். 18 பேருக்கும் சேர்த்து அரசின் பங்கு 90 லட்சம், ஒவ்வொரு குடிமகனுக்கும் கால் ரூபாய்கூட வராது. பெரிய விஷயம் அந்த 31 ஆண்டுகள். அது நீதிமன்றத் தாமதம் மட்டும் அல்ல. 'சந்தனக் கட்டை கடத்தியவர்கள்தானே' என்ற நம் ஒரு வாக்கியத்தின் மீது சாய்ந்துகொண்டுதான் அரசு அத்தனை ஆண்டுகள் மறுக்க முடிந்தது. நான் அப்போது சட்டக் கல்லூரி மாணவி. விடுதியில் நாங்களும் அதைத்தான் சொன்னோம். எனக்கு எந்த நீதிமன்றமும் அழைப்பாணை அனுப்பாது, அனுப்பவும் கூடாது.

1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பி ஏற்கும் நொடியில் நண்பரின் இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். கடவுச்சீட்டை ஒப்படைத்துச் சான்றிதழும் வாங்கிக்கொள்ளலாம். அரசுப் பள்ளியில் படித்த படிப்பையும் குறைந்த கட்டணத்தில் முடித்த பட்டத்தையும் திருப்பி ஒப்படைக்கத் தூதரகத்தில் படிவம் கிடையாது. அவை கையில் இருக்கும் வரை அதன் அளவுக்குக் கணக்கும் இருக்கும்.

உசிலைக்காரன் எழுதியது:

பெற்ற சொத்தின் அளவுக்கு மட்டும் என்றால் எனக்கும் உடன்பாடுதான். அப்படியானால் சொத்தே வந்து சேராதவனுக்குக் கடனும் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள், அம்மா. வாச்சாத்திக்காரர் கட்டும் வரியிலிருந்தும்தான் அந்த இழப்பீட்டின் பாதி போயிருக்கிறது.

கறுப்பு அங்கி எழுதியது:

உண்மை. அதை நான் யோசிக்கவில்லை.

இசார்க்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பெயரை எழுதாமல் விட்டதை அம்மா சரியாகப் பிடித்துவிட்டார். வேண்டுமென்று மறைக்கவில்லை, ஆனால் தற்செயல் என்றும் சொல்ல மாட்டேன். 1992-இல் எனக்கு 9 வயது. அப்பா பேருந்து நிலையத்தின் அருகில் தேநீர்க் கடை வைத்திருந்தார். கடையில் யாராவது அந்த ஊரின் பெயரை எடுத்தால் அப்பா ஈரத் துணியை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் மேசையைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். குவளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேச முடியாது என்பதால் பேச்சு நின்றுவிடும். அதை ஒரு சாமர்த்தியம் என்றே நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

இந்த விடைகளைப் படித்த பிறகு நேற்று அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவருக்கு 78 வயது. காது மந்தம் என்பதால் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. "அந்த நாட்களில் நம் கடைக்கு அவர்கள் வந்தார்களா, அப்பா?" என்று கேட்டேன். யார் என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த வாரம் காலையில் வாங்கும் பால் பத்தவில்லை. மத்தியானமும் போய் வாங்கி வந்தேன்" என்றார். பிறகு, உன் பள்ளிக்கூடத்துக்குக் கட்ட வேண்டியதை அந்த வாரம்தான் கட்டினேன் என்று அவராகவே சொன்னார். நான் அதைக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை எனக்கு அலுவலகத்தில் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். மகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். போகும் வழியில், அந்த எஸ்-2 ரயிலில், பால் வாங்கிய கதையை அவளிடம் சொல்வதாக இருக்கிறேன்.